பக்கத்துக் குரல்

கொடைக்கானல் பண்பலை கம்பம் பள்ளத்தாக்கில் நன்றாகவே கேட்கிறது. ஆனால் திராட்சைக்கு அடிக்கும் மருந்தைப் பற்றி அது தவறாகச் சொன்னால், போய்க் கேட்க மலையேற வேண்டும்! 100 வாட் அளவிலான சமுதாய வானொலியின் அழகு அந்த நெருக்கத்தில்தான். பாம்பனில் 2016 முதல் 90.4-இல் ஒலிக்கும் ‘கடல் ஓசை’ கடல் நிலவரத்தைப் பிசகிச் சொன்னால், கரையில் நிற்கும் மீனவரே மடக்கிவிடுவார். இத்தகைய வானொலியில் பேசும் சம்பளமில்லாத தன்னார்வலரை யார் கேள்வி கேட்பது என்பார்கள். நியாயமான ஐயம்தான், அதனால்தான் ஒலிபரப்பியதை மூன்று மாதம் பத்திரப்படுத்த வேண்டும், பாதி நிகழ்ச்சியாவது உள்ளூர் மக்கள் பங்கேற்பில் உருவாக வேண்டும் என்கின்றன சமுதாய வானொலி விதிகள். இத்தனை காவலுக்குப் பிறகும் சொந்தமாகச் செய்தி சொல்லத் தடை என்பது மிகை. முல்லைப் பெரியாறு பற்றிய செய்தியைத் தானே திரட்டிச் சொல்லக்கூடாத வானொலி, தேனிக்காரர்களுக்கு அரை வானொலிதான்.