சிஸிலியின் உதடு

விஸ்லர் வரைந்த ‘சாம்பலும் பச்சையும் இசைந்தது: மிஸ் சிஸிலி அலெக்ஸாண்டர்’ (1872–74) பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வெலாஸ்கெஸில் ஆரம்பித்து ஜப்பானிய அச்சுப்படங்களில் முடிப்பார்கள். தப்பில்லை. நிற்கிற தோரணையில் வெலாஸ்கெஸின் ஸ்பானிய இளவரசிகள் தெரிகிறார்கள். ஓரத்தில் எட்டிப் பார்க்கும் டெய்சிப் பூக்களிலும் மேலே பறக்கும் வண்ணத்துப்பூச்சிகளிலும் ஜப்பான் தெரிகிறது. எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பெண்ணின் உதடுதான்.

வெள்ளை மஸ்லின் கவுன், கையில் இறகு வைத்த தொப்பி, ஒரு கால் முன்னே. உதட்டோரம் மட்டும் கீழே இறங்கியிருக்கிறது. 1881-இல் க்ராஸ்வெனர் கேலரியில் இந்தப் படத்தைக் கிண்டலடித்தவர்களில் சிலர் குழந்தையையே குறை சொன்னார்கள். அப்பா வங்கிக்காரர், செல்லம் கொடுத்துக் கெடுத்த பெண் போல என்றுதான் முதலில் நானும் நினைத்தேன்.

பிறகுதான் சிஸிலி பெரியவளானபின் சொன்னதைப் படித்தேன். அப்போது அவளுக்கு எட்டு வயசு இருக்கும். எழுபது தடவைக்கு மேல் செல்சியிலிருந்த விஸ்லர் வீட்டில் நின்றிருக்கிறாள். மணிக்கணக்காக, அசையாமல். இத்தனை மணிக்கு விட்டுடறேன் என்று சொல்லியிருப்பார். வேலையில் மூழ்கி மறந்தும்விடுவார். பல நாள் அழுகையில்தான் முடியுமாம். அப்போ அது திமிர் இல்லை, கால்வலி.

கவுனை வடிவமைத்தது விஸ்லர். என்ன மஸ்லின் வாங்கணும், எப்படித் தைக்கணும் என்று அம்மாவுக்குக் கடிதமே எழுதினார். துணிமேல் இருந்த அக்கறையில் பாதி அந்தக் கால்கள் மேல் இருந்திருக்கலாம்! தலைப்பிலும் நிறம் முதலில், குழந்தை பிறகு.

ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்ளணும். நிறம்தான் பெரிசு என்று வாதாடிய இதே மனுஷன் அந்த முகத்தை மாற்றவில்லை. சிரிக்க வைத்து வரைந்திருந்தால் பெற்றோர் சந்தோஷப்பட்டிருப்பார்கள், யாரும் கிண்டலும் பண்ணியிருக்க மாட்டார்கள். அதே காலத்தில் மில்லே வரைந்த ‘செர்ரி ரைப்’ (1879) குழந்தையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: எவ்வளவு சமர்த்தா உட்கார்ந்திருக்கு! அவளிடம் எனக்குக் கேட்க எதுவும் இல்லை. சிஸிலியிடம் இருக்கிறது.

படம் இப்போது லண்டன் டேட் தொகுப்பில். உயரம் 190 செ.மீ., நல்ல ஆளுயரம். இணையத்தில் பார்க்கிறவர்கள் முகத்தை மட்டும் பெரிதாக்கிப் பாருங்க. அப்புறம் அந்த முன்வைத்த காலை.