கூரை தப்பிய மடம்

பாழடைந்த ஐரோப்பிய மடாலயம் என்றதும் ரசிகர் மனத்தில் எழுவது வானம் தெரியும் வெற்று வளைவுகள்தான். டின்டெர்னும் ரீவோவும் பெற்ற புகழெல்லாம் கூரையிழந்த தேவாலயங்களால் வந்தது. சாமர்செட்டில் வாஷ்ஃபோர்டு கிராமத்தருகே இருக்கும் கிளீவ் மடத்தில் அந்தக் காட்சி இல்லை. தேவாலயம் நின்ற இடத்தில் புல்லும் அடித்தளக் கோடுகளுமே மிச்சம். ஆனாலும் சிஸ்டெர்சியன் கட்டடக்கலையை உணர விரும்புகிறவருக்கு நான் முதலில் காட்டுவது கிளீவைத்தான். துறவிகள் உண்டு, உறங்கி, கூடிப் பேசிய அறைகள் அங்கே உருக்குலையாமல் நிற்கின்றன. அவற்றைக் காப்பாற்றியது விவசாயம்.

1198இல் இங்கு துறவிகள் குடியேறினார்கள். 1536இல் எட்டாம் ஹென்றியின் ஆணையால் மடம் மூடப்பட்டது. அப்படி மூடப்பட்ட மடங்களில் கூரை ஈயத்தை உரித்து விற்பது வழக்கம். ஈயம் போனால் மழை இறங்கும். மழை இறங்கினால் சுவருக்கு ஆயுள் குறைவு. கிளீவில் தேவாலயம் இடிக்கப்பட்டது. குடியிருப்புப் பகுதி முதலில் செல்வர் வீடாகவும், பதினேழாம் நூற்றாண்டிலிருந்து பண்ணையாகவும் மாறியது. விளைச்சலைச் சேர்த்து வைக்க ஒழுகாத கூரை வேண்டும். ஆகவே கூரை நின்றது. 1870இல் டன்ஸ்டர் கோட்டையின் ஜார்ஜ் லட்ரெல் மடத்தை வாங்கி அகழ்ந்து பார்க்கும்வரை அதன் உள்முற்றம் பண்ணை முற்றமாகவே இருந்தது.

பண்ணைக்காரர்கள் கலையை நேசித்தா காத்தார்கள், அவர்களும் கல்லைப் பெயர்த்திருக்க மாட்டார்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்களுக்குக் காக்கும் நோக்கம் இருந்ததென்று நான் சொல்லவில்லை. ஆனால் பண்ணை வேலை இந்த இடத்துக்கு அந்நியமல்ல. 1098இல் பிரான்சின் சித்தோவில் சிஸ்டெர்சியன் சபையைத் தொடங்கியவர்கள் தங்கள் கைகளால் உழைத்து வாழ விரும்பியவர்கள். களஞ்சியமும் தொழுவமும் அவர்கள் வாழ்வின் பகுதி. அவர்களுடைய கட்டடங்களின் அழகும் அலங்காரத்தைச் சார்ந்ததல்ல, அளவைச் சார்ந்தது. கிளீவின் படுக்கைக்கூடத்தைப் பாருங்கள். மேல்தளத்தில் நீண்டு செல்லும் ஒரே அறை. ஒடுங்கிய கூர்முனைச் சாளரங்கள் தாளம் தவறாமல் வரிசையாக வருகின்றன. செதுக்குவேலை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. கல்லின் கனத்தையும் சாளரத்தின் இடைவெளியையும் வைத்தே ஒரு மௌனத்தைக் கட்டியிருக்கிறார்கள். தானியம் குவிந்திருந்த காலத்திலும் அந்தத் தாளம் குலைந்திருக்காது.

இதைவிடக் கடினமான மறுப்பு வேறொன்று. எளிமைதான் இவர்கள் கலை என்றால், பதினைந்தாம் நூற்றாண்டு உணவுக்கூடத்தின் மரக்கூரையில் செதுக்கிய தேவதைகள் எப்படி வந்தன? பக்கத்து அறைச் சுவரில் சிங்கத்துக்கும் டிராகனுக்கும் நடுவே பாலத்தில் நிற்கும் மனிதனை ஏன் தீட்டினார்கள்? அதற்கு முன்பிருந்த பழைய உணவுக்கூடத்தின் தரையைப் பார்த்தால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஈரச் செங்களிமண்ணில் அச்சு அழுத்தி, பள்ளத்தில் வெண்களிமண் நிரப்பி, ஈய மெருகிட்டுச் சுட்ட பதின்மூன்றாம் நூற்றாண்டு ஓடுகள் அவை. அவற்றில் இங்கிலாந்து அரசரின் சின்னமும், கார்ன்வால் பிரபு ரிச்சர்டின் இரட்டைத்தலைக் கழுகும், கிளேர் குடும்பத்தின் கோணப்பட்டைகளும் வரிசை வரிசையாகப் பதிந்திருக்கின்றன. துறவிகள் உண்ணும் இடத்தில் பிரபுக்களின் பெருமை! சபையின் தொடக்ககால விதி இதை ஏற்றிருக்காது. நானும் இதை எளிமை என்று வாதாடப் போவதில்லை. ஆனால் அந்தச் சிவப்பும் வெள்ளையும் சேர்ந்த தரையின் ஒழுங்கு கண்ணை நகரவிடுவதில்லை. ஒரே அச்சு திரும்பத் திரும்ப விழுந்தும் ஓட்டுக்கு ஓடு நிறம் மாறுவது சூளை நெருப்பின் கைவண்ணம். படுக்கைக்கூடத்தின் கண்டிப்பும் இந்தத் தரையின் ஆசையும் ஒரே மடத்துக்குள் இருந்தன. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் மனிதர் வாழ்ந்த இடம் ஒரே குணத்தோடு இருக்க வேண்டுமென்று ஏன் எதிர்பார்க்க வேண்டும்?

தேவாலயத்தின் இழப்பு பெரிய இழப்புதான். இரவு வழிபாட்டுக்குப் படுக்கைக்கூடத்திலிருந்து நேரே இறங்கிச் சென்ற துறவிகளுக்கு இரண்டும் ஒரே வீடு. ஆனால் டின்டெர்னில் அவர்கள் எதை நோக்கித் தலை உயர்த்தினார்கள் என்பது தெரிகிறது. பகல் முழுக்க எந்த வெளிச்சத்தில், எவ்வளவு அகலமான அறையில் வாழ்ந்தார்கள் என்பது கிளீவில் தெரிகிறது. நுழைவு மாளிகையின் நெற்றியில் கடைசி மடாதிபதி வில்லியம் டோவெல் காலத்து லத்தீன் வாசகம் இன்னும் இருக்கிறது: நேர்மையான எவருக்கும் இந்தக் கதவு அடைபடாது என்பது அதன் பொருள்.