கொல்லைப்புறத்து மருட்கை

உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் எட்டு நிலைகளை வகுத்துரைக்கும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், வியப்பை ‘மருட்கை’ என்று பெயரிட்டு, அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கினின்றும் பிறக்கும் என்கிறது. ஆக்கம் என்பது ஒன்று மற்றொன்றாக மாறி வருவது. காட்டுக்குச் சென்று யானையைக் காண்பவர் அடைவது பெருமையால் வரும் மருட்கை. கொல்லையில் துணி உலர்த்தப் போன இடத்தில், உதிர்ந்த மாவிலைகளுக்கு நடுவே அதுவரை கண்டிராத ஒரு பறவை தத்திச் செல்வதைக் காண்பவர் அடைவதோ புதுமையும் சிறுமையும் கூடிய மருட்கை. தேடாமலே கிடைத்தது என்பதால் உவகையும் அதனுடன் வந்து சேர்கிறது. இவ்விரு மருட்கைகளில் பின்னதே நுண்ணிய சுவை. யானை தன்னைத் தானே அறிவித்துக்கொள்ளும். கொல்லைக் குருவியைக் காண்பதற்கோ, அந்த இடம் நாள்தோறும் எப்படி இருக்கும் என்பது பார்ப்பவர் மனத்தில் முன்னரே பதிந்திருக்க வேண்டும்.

இச்சுவைக்கு ஆறுமணிக் குருவியைக் காட்டிலும் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. தோட்டக்கள்ளன் என்றும் வழங்கப்பெறும் இப்பறவை, இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழிக்க வருகிறது. பருவந்தோறும் இவ்வாறு இடம்பெயர்ந்து திரும்புவதையே வலசை என்பர். இரவில் பறந்து வருவதால், களைத்தும் விளக்கொளியில் திசை தடுமாறியும், நகரத்து வீடுகளின் தாழ்வாரத்திலும் மாடிப்படியிலும்கூட இது வந்து இறங்கிவிடுவதுண்டு. மைனாவைவிடச் சற்றே சிறிய உடலில் பச்சை முதுகு, நீலம் மின்னும் தோள், வெண்ணிறத் தொண்டை, கண்ணை ஊடறுத்துச் செல்லும் கரும்பட்டை, சந்தனம் கலந்த மஞ்சள் மார்பு, வாலடியில் குங்குமச் சிவப்பு என இத்தனை நிறங்களைச் சுமந்தும், சருகின் மீது அசையாமல் நிற்கும்போது அது கண்ணில் படுவதே இல்லை என்பதுதான் பெருவியப்பு. குட்டை வாலும் நீண்ட கால்களும் கொண்டு, தரையிலேயே நடந்து, அலகால் இலைகளைப் புரட்டிப் பூச்சி தேடும் வாழ்க்கை அதனுடையது. 1766ஆம் ஆண்டு இதற்கு அறிவியற்பெயர் இட்ட லின்னேயஸ் இதனைக் காகங்களின் பேரினத்தில் சேர்த்திருந்தார்; பின்னாளில் இதற்கெனத் தனிப் பேரினம் அமைந்தபோது, சிறுபறவையைக் குறிக்கும் ‘பிட்ட’ என்னும் தெலுங்குச் சொல்லே அதன் பெயராயிற்று.

கண்ணுக்கு ஒளியும் இக்குருவி காதுக்கு ஒளிவதில்லை. விடியலிலும் அந்தியிலும், ஏறத்தாழ ஆறு மணி அளவில், தலையைப் பின்னே சாய்த்து ஈரசைச் சீழ்க்கை ஒன்றை எழுப்பும். அருகில் வேறொன்று இருப்பின் அதுவும் மறுகுரல் கொடுக்கும். வாசல் தெளிக்கும் வேளையும் விளக்கேற்றும் வேளையும் அதுவே ஆதலால், வீட்டு வேலையின் தாளத்தோடு இயைந்தே இப்பெயர் பிறந்திருக்க வேண்டும். எதிர்பாராக் காட்சி எனப்படுவது பெரும்பாலும் இவ்வாறு செவி வழியாகவே முதலில் வருகிறது. அணில் விடாமல் கத்தினால், தவிட்டுக்குருவிகள் ஒரு புதரைச் சூழ்ந்து கூச்சலிட்டால், அங்கே பாம்போ பூனையோ பகலில் அகப்பட்ட ஆந்தையோ இருக்கக்கூடும். அடுக்களையில் நின்றபடியே இக்குரல்களின் வேறுபாட்டைக் கேட்டறியும் காது, ஆண்டுகள் பல பழகிய இசை ரசிகரின் காதுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

இந்த ரசனையை எழுத்துக் கலையாகவே வளர்த்தவர் மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான இவர், ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் இறக்கும் வரை இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதிவந்தார். யானைகளைக் காட்டில் பின்தொடர்ந்து ஆராய்ந்த அதே பொறுமையை ஊருக்குள் வாழும் எளிய உயிர்களுக்கும் அவர் அளித்தார் என்பதே அவருடைய தனிப்பெருமை. அவருடைய தமிழ்க் கட்டுரைகளை தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் நூலாகத் தொகுத்துள்ளார்.

வலசைக் காலத்தில் ஆறுமணிக் குருவி ஒன்று சோர்ந்து வீட்டினுள் விழுந்து கிடக்கக் கண்டால், அதன் வாயில் நீர் ஊற்றாமலும், கூடி நின்று படம் பிடிக்காமலும், காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் சில மணி நேரம் இருட்டில் ஓய்வெடுக்க விட்டு, தெளிந்தபின் பூனை அண்டாத புதரடியில் விடுதல் வேண்டும். காயம்பட்டிருந்தால் வனத்துறையினரிடம் ஒப்படைத்தல் வேண்டும். கொல்லையில் உதிர்ந்த சருகைக் கூட்டி எரிக்காமல் ஒரு மூலையிலேனும் விட்டுவைத்தால், அது இரை தேட இடம் இருக்கும்.