தூண்டிற்காரரின் படமும் நாட்குறிப்பும்

இலக்கியம் என்றதும் காவியமும் கவிதையும் நாடகமும் நாவலும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஒருவர் தம் தொழிலைப்பற்றி அன்றன்று எழுதிவைக்கும் குறிப்பை இலக்கியத்தின் அருகில் வைத்து எண்ணப் பலர் தயங்குவர். அத்தொழில் தூண்டிலிட்டு மீன் பிடிப்போரைப் படமெடுக்கும் தொழில் என்று சொல்லிவிட்டால், தயக்கம் நகைப்பாகவே மாறிவிடும். மீன் பிடித்தவனுக்குக் குழம்பாவது மிஞ்சும். படம் பிடித்தவனுக்கு மிஞ்சுவது என்ன என்று கேட்போரும் உளர்.

அவ்வாறு நகைத்து ஒதுக்கத்தக்கதன்று இத்துறை. மேனாடுகளில் தூண்டில்மீன்பிடி வயிற்றுப்பாட்டுக்குரிய தொழில் மட்டுமன்று; ஓய்வுநாட் பொழுதுபோக்குமாகும். அதற்கெனத் தனி இதழ்கள் உள்ளன. கோலும் நூலும் முள்ளும் செய்து விற்கும் நிறுவனங்கள் உள்ளன. விருந்தினரைப் படகேற்றிக் கடலுக்கு அழைத்துச் செல்லும் படகுக்காரர்களும் உள்ளனர். இவர்கள் அனைவருக்கும் படம் வேண்டும். ஆகவே ஆற்றங்கரையையும் கடலையுமே தொழிற்கூடமாகக் கொண்ட படக்காரர்கள் தோன்றினர். அவருள் சிலர் படத்தோடு அமையாது, தம் அன்றாட அலுவலை நாள்தோறும் எழுதியும் வருகின்றனர். விடியுமுன் எழுந்தது, படகில் காத்திருந்தது, மழையில் நனைந்தது, வெறுங்கையோடு திரும்பியது என்று விரியும் அவ்வெழுத்தை எந்த அளவுகோல் கொண்டு அளப்பது? பெரிய மீன் உள்ள குறிப்பு சிறந்தது, சிறிய மீன் உள்ள குறிப்பு தாழ்ந்தது என்று கொள்ளலாமா? இவ்வினாவுக்கு விடை காண்பது, நாட்குறிப்பு என்னும் எழுத்துவகை முழுவதற்குமே பயன்படும்.

வால்டன் வகுத்த வழி

இத்துறைக்கு நல்ல மூதாதை ஒருவர் உண்டு. இங்கிலாந்தில் ஐசக் வால்டன் என்பார் தூண்டில்மீன்பிடியைப் பற்றி எழுதிய நூல் 1653-ஆம் ஆண்டில் வெளிவந்தது. மன்னர் முதலாம் சார்லஸ் 1649-இல் தலை வெட்டுண்டு மாய்ந்து, உள்நாட்டுப் போரின் புண் ஆறாதிருந்த காலம் அது. அத்தகைய காலத்தில், லண்டனுக்கு வடக்கே லீ ஆற்றங்கரையில் நடந்து செல்வோரின் உரையாடலாக அந்நூலை அவர் அமைத்தார். எந்த மீனுக்கு எந்த இரை ஏற்றது என்னும் செய்தி அதில் நிறைய உண்டு. ஆனால் வாசகர் நெஞ்சில் நிற்பவை அவை அல்ல. மழைக்கு ஒதுங்கிய வேலியோரமும், இரவு தங்கிய விடுதியும், வழியில் கேட்ட பாட்டுமே நிற்கின்றன. மீன் ஒரு காரணம். மனிதர் கழித்த நாளே பொருள்.

வால்டன் காலத்தில் நிழற்படக் கருவி இல்லை. ஆகவே அனைத்தையும் அவர் சொல்லாலேயே காட்ட வேண்டியிருந்தது. இருபதாம் நூற்றாண்டில் நிலைமை மாறிற்று. அமெரிக்க நாவலாசிரியர் ஜேன் கிரே நியூசிலாந்துக் கடலில் மீன் பிடித்த அனுபவத்தை 1926-இல் நூலாக வெளியிட்டபோது, அதில் நிழற்படங்களும் இடம்பெற்றன. மறுபுறம், ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் ரான்சம் 'மாஞ்செஸ்டர் கார்டியன்' நாளிதழில் எழுதிய தூண்டிற் கட்டுரைகள் 1929-இல் நூல்வடிவம் பெற்றன. ஒன்று படத்தையும் துணைக்கொண்டது. மற்றொன்று சொல்லை நம்பியது. இவ்விரண்டு ஓடைகளும் கலக்குமிடத்திலேதான் இன்றைய தூண்டிற் படக்காரரின் நாட்குறிப்பு நிற்கிறது.

பொய் சொல்லும் கை

இத்தொழில் எளியதன்று. கதிரவன் எழுமுன்னும் சாயும்போதும் கிடைக்கும் தாழ்ந்த ஒளிக்காக மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். உச்சிவெயிலில் தொப்பியின் விளிம்பு முகத்தை நிழலில் மூழ்கடித்துவிடும். ஆகவே பட்டப்பகலிலும் மின்னொளி விளக்கைப் பயன்படுத்த நேரும். நீர்ப்பரப்பின் பளபளப்பை அடக்கினாலன்றி உள்ளே நிற்கும் மீன் தெரியாது. அதற்கெனத் தனி வடிகண்ணாடி ஒன்றை வில்லையின் முன் பொருத்துவர். துள்ளும் மீனை அசையாமல் நிறுத்திக் காட்ட, நொடியின் ஆயிரத்தில் ஒரு கூறே கருவியின் கண் திறந்து மூட வேண்டும். உப்புத்துளி வில்லையில் படிந்தால் நாள் முழுவதும் பட்ட பாடு வீணாகும்.

இத்தனை பாடுபட்டு எடுக்கும் படம் எப்போதும் உண்மையே கூறும் என்று நம்புதற்கில்லை. மீனைப் பிடித்தவர் இரு கைகளையும் முன்னே நீட்டி நின்றால், மீன் கருவிக்கு அருகிலும் மனிதர் தொலைவிலும் அமைவர். அகன்ற கோணமுடைய வில்லை மீனைப் பெருக்கியும் மனிதரைச் சிறுக்கியும் காட்டிவிடும். படத்தில் ஒரு கோடும் மாற்றப்படவில்லை. ஆயினும் பொய் பிறந்துவிட்டது.

இதில் என்ன குற்றம், கவிஞர்கள் மிகைப்படுத்திப் பாடுவதில்லையா என்று கேட்கலாம். உயர்வு நவிற்சி தமிழர்க்குப் புதியதன்று. ஆனால் அணியின் அழகு, அஃது அணி என்று கேட்போர் அறிந்திருப்பதில் உள்ளது. மாளிகையின் உச்சி மதியைத் தொட்டது என்று கவிஞர் பாடினால், எவரும் ஏணி எடுத்து அளக்கச் செல்லார். நிழற்படமோ தன்னைச் சான்றாகக் காட்டிக்கொண்டு வருகிறது. சான்றின் உடை உடுத்தி வரும் மிகை அணியாகாது; ஏமாற்றாகும். எனவே படக்காரர் எழுதும் நாட்குறிப்பின் முதற்கடமை, படம் மறைப்பதைச் சொல் வெளிப்படுத்துவது. மீனின் அளவு இவ்வளவு, வில்லை இத்தகையது, கை நீட்டப்பட்டிருந்தது என்று எழுதும் ஒரு வரி, பத்து வருணனைகளினும் மேலானது.

அறுபது நொடி

படம் மறைக்கும் பொருள் அளவு மட்டுமன்று, காலமும் உயிருமாகும். பிடித்த மீனை மீண்டும் நீரில் விட்டுவிடும் வழக்கம் மேனாட்டுத் தூண்டிற்காரரிடையே பரவியுள்ளது. விடுவதற்குமுன் ஒரு படம் எடுத்துக்கொள்வர். முகத்தில் முறுவல், கையில் மீன். பார்ப்போர்க்கு இஃது இரக்கத்தின் படமாகவே தோன்றும்.

கனடாவில் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்னும் ஆய்வாளர் இருவர் 1992-இல் வெளியிட்ட ஆய்வு இப்படத்தை வேறு கண்கொண்டு பார்க்கச் செய்கிறது. டிரவுட் மீன்களைத் தூண்டிலில் சிக்கிப் போராடியவைபோல் களைக்கச் செய்து, 12 மணி நேரம் கழித்து எத்தனை உயிரோடுள்ளன என்று அவர்கள் கண்டனர். நீரைவிட்டு எடுக்கப்படாதவற்றில் நூற்றுக்கு 88 பிழைத்தன. 30 நொடி காற்றில் வைக்கப்பட்டவற்றில் நூற்றுக்கு 62 பிழைத்தன. 60 நொடி வைக்கப்பட்டவற்றில் நூற்றுக்கு 28 மட்டுமே பிழைத்தன. ஆய்வுக்கூடத்தில் கண்ட இக்கணக்கை எல்லா மீனுக்கும் எல்லா நீருக்கும் அப்படியே பொருத்துதல் ஆகாது. எனினும் உண்மை ஒன்று தெளிவு: 'இன்னும் ஒரு படம், சற்றே இப்பக்கம் திரும்புங்கள்' என்று படக்காரர் கேட்கும் ஒவ்வொரு நொடியையும் மீன் தன் மூச்சிலிருந்து கொடுக்கிறது.

ஆகவே இத்தொழிலில் நல்லவர், கருவியைச் சரிசெய்து முடிக்கும்வரை மீனை நீருக்குள்ளேயே வைக்கச் சொல்வர். கையை நனைத்துக்கொண்ட பின்னரே மீனைத் தொடச் சொல்வர். உலர்ந்த கை மீனின் உடலைக் காக்கும் வழுவழுப்பைத் துடைத்துவிடும். ஆனால் இவை எவையும் படத்தில் தெரியா. நாட்குறிப்பு ஒன்றே அவற்றைச் சொல்ல முடியும். மீன் மிகவும் சோர்ந்துவிட்டது, ஆதலின் இன்று படம் இல்லை என்று எழுதப்பட்ட பக்கம் அந்நாட்குறிப்பிலேயே சிறந்த பக்கமாக இருத்தல் கூடும்.

கீ வெஸ்ட் பலகை

இனி, நாள்தோறும் பதிவு செய்வதன் பெருமைக்கு ஒரு சான்று. அமெரிக்காவின் தென்கோடியில் ஃபுளோரிடா மாநிலத்தைச் சேர்ந்த கீ வெஸ்ட் என்னும் சிறு தீவு ஒன்றுண்டு. 1930-களில் எர்னஸ்ட் ஹெமிங்வே அங்கு வாழ்ந்தார். பெரிய மீன்களின் அருகில் நின்று அவர் எடுத்துக்கொண்ட படங்கள் பல. ஆனால் அவர் 1952-இல் வெளியிட்ட 'கிழவனும் கடலும்' என்னும் கதையோ, 84 நாள் மீனே அகப்படாத ஒரு கிழவனைப் பற்றியது. அவன் பிடித்த பெருமீனும் எலும்புக்கூடாகவே கரை சேர்கிறது. வெற்றிப் படத்துக்கு அங்கு இடமே இல்லை. வெறும் நாளின் பொருளைச் சொல்லே காட்ட முடிந்தது.

அத்தீவின் படகுத்துறையில் ஒரு வழக்கம் இருந்தது. கடலுக்குச் சென்று திரும்பிய விருந்தினர், தாம் பிடித்த மீன்களைத் துறையில் உள்ள பலகையில் தொங்கவிட்டு, அதன் அருகே நின்று படம் எடுத்துக்கொள்வர். தொழிற்படக்காரருக்கு அன்றாடக் கூலி, விருந்தினருக்குப் பெருமை. அதற்குமேல் அப்படங்களுக்கு ஒரு நோக்கமும் இல்லை. அவற்றுட் பல பின்னர் அவ்வூர் நூலகத்தைச் சேர்ந்தன.

ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிலையத்தில் பயின்ற லோரன் மெக்லெனகன் என்னும் ஆய்வாளர் அப்படங்களை எடுத்து அளந்தார். பலகையின் அளவு தெரிந்தமையால் மீனின் நீளத்தைக் கணக்கிட முடிந்தது. 2009-இல் வெளிவந்த அவருடைய ஆய்வின்படி, பலகையில் தொங்கிய மீனின் சராசரி எடை 1956-இல் 19.9 கிலோ, 2007-இல் 2.3 கிலோ. ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு! தொடக்ககாலப் படங்களில் ஆளுயரக் களவாய் மீன்களும் சுறாக்களும் தொங்கின. பிற்காலப் படங்களில் சிறு மீன்களே தொங்கின. மீன் சுருங்கிற்று, விருந்தினர் முகத்துப் புன்னகை மட்டும் சுருங்கவில்லை. தம் காலத்துக் கடலையே முழுக்கடல் என்று அவர்கள் எண்ணினர். ஒவ்வொரு தலைமுறையும் தான் கண்டதையே தொடக்கமாகக் கொண்டு இழப்பை உணராது போகும் இம்மயக்கத்தை, டேனியல் பாலி என்னும் மீனியல் அறிஞர் 1995-இலேயே சுட்டிக்காட்டியிருந்தார்.

இங்கு ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. அப்படங்களுள் எந்த ஒன்றும் தனியே இவ்வுண்மையைச் சொல்லவில்லை. ஒரே துறையில், ஒரே வகைப் பலகையின்முன், ஆண்டுக்கணக்கில் எடுக்கப்பட்டமையாலேயே அவை ஒன்றுசேர்ந்து பேசின. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிவந்த நாட்குறிப்பும் இத்தகையதே. கப்பல் வந்ததும் சரக்கு விற்றதும் அன்றைக்கு அற்பச் செய்தி. இன்றைக்கு அவை வரலாற்றுச் செல்வம். அற்பத்தை விடாது எழுதுவோர்க்கே காலம் தன் கணக்கைக் காட்டுகிறது.

முதலும் கருவும் உரியும்

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடையைத் தமிழ்ப் பொருளிலக்கணமே தருகிறது. முதல், கரு, உரி எனத் தொல்காப்பியர் பொருளை மூவகைப்படுத்தினார். நிலமும் பொழுதும் முதல். அந்நிலத்து உயிரும் தொழிலும் பிறவும் கரு. அங்கு மாந்தர் நெஞ்சில் நிகழ்வது உரி. அகப்பாட்டுக்கு வகுத்த இவ்விலக்கணத்தைப் பிற எழுத்துக்கு அளவுகோலாக இரவல் பெறுவதில் தவறில்லை.

தூண்டிற் படக்காரரின் குறிப்புகளில் பெரும்பாலானவை கருப்பொருளோடு நின்றுவிடுகின்றன. மீன் உண்டு, கோல் உண்டு, படகு உண்டு. எந்த இடம், எந்தப் பருவம், எந்தப் பொழுது என்பது இல்லை. முதற்பொருள் இல்லாத படம் வேரற்ற செடி. கீ வெஸ்ட் படங்களுக்கு உயிர் தந்தது அவற்றின் முதற்பொருளே. சில குறிப்புகளில் முதலும் கருவும் உண்டு, உரி இல்லை. நேரமும் வெப்பமும் எடையும் நிரல்பட எழுதப்பட்டிருக்கும். எழுதியவர் நெஞ்சு எங்கும் தென்படாது. அத்தகைய குறிப்பு ஆய்வாளருக்குப் பயன்படும், இலக்கியமாகாது. மூன்றும் பொருந்தி, படம் மறைத்ததைச் சொல் நேர்மையாக நிரப்பும் குறிப்பே இலக்கியத்தின் வாயிலை அடைகிறது.

வெறும் நாளை எழுதினால் வாசகர்க்குச் சலிப்புத் தட்டாதா என்று சிலர் ஐயுறலாம். சலிப்பூட்டுவது வெறும் நாளன்று. ஒன்றும் காணாத கண்ணே. ஆறு மணிநேரம் தக்கையையே நோக்கியிருந்தவர் அந்த ஆறு மணிநேரத்தில் காற்று திரும்பியதையும் நீர் நிறம் மாறியதையும் கொக்கு இடம் பெயர்ந்ததையும் கண்டிருந்தால், மீன் அகப்படாவிட்டாலும் எழுதுவதற்குப் பஞ்சமில்லை. நாள்தோறும் வெற்றியை மட்டும் காட்டும் குறிப்பே உண்மையில் சலிப்பூட்டும். எல்லாப் பக்கமும் ஒன்றுபோலவே இருக்கும்.

நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல். அதன் சிறுபொழுது எற்பாடு. பொழுது சாயும் நேரத்தில் கீ வெஸ்ட் துறையில் மீனோடு சிரித்து நின்றவர்கள், தாம் ஓர் இரங்கற்பாட்டின் அடிகளாக நிற்பதை அறியார். அறிவிக்கும் கடமை உடனிருந்து எழுதுவோருடையது. மாணவரை நாட்குறிப்பு எழுதப் பழக்கும் தமிழாசிரியர் இதனை நினைவிற் கொள்ளலாம். இன்று நடந்த சிறப்பு யாது என்று மட்டும் கேளாது, இன்று எந்த இடத்தில், எந்தப் பொழுதில், என்ன கண்டாய், எதைக் காட்டாது விட்டாய் என்றும் கேட்டால், அம்மாணவர் எழுத்தில் உண்மை தங்கும். உண்மை தங்கிய குறிப்பு, எழுதியவர் மறைந்த பின்னும் பேசிக்கொண்டிருக்கும்.