காற்புள்ளியும் பொருள்கோளும்

சொல்லடைவும் சுவடிப் பட்டியலும் கணிப்பொறியின் துணைகொண்டு தொகுப்போர் இன்று பலர். அவர்தம் தொகுப்புகள் பெரும்பாலும் சி.எஸ்.வி. எனப்படும் காற்புள்ளிக் கோப்புகளாகவே அமைகின்றன. ஒரு வரி ஒரு பதிவு. பதிவின் உறுப்புகளைக் காற்புள்ளி பிரிக்கும். தலைவரி அவ்வுறுப்புகளின் பெயரைக் கூறும். இத்துணை எளிய வடிவிற்கு வாசிப்பு முறை என ஒன்று வேண்டா என்றும், காற்புள்ளி கண்ட இடந்தோறும் வரியை வெட்டினால் போதும் என்றும் கருதுவார் உளர். அக்கருத்துப் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

இக்கோப்பின் அமைப்புத் தமிழ் கற்றார்க்குப் புதிதன்று. பெயர்களை ஒரு வரிசையிலும், அவை கொள்ளும் பயனிலைகளை மற்றொரு வரிசையிலும் நிறுத்தி, முறையே இயைத்துப் பொருள் கொள்வது நிரல்நிறை. தொல்காப்பியர் கூறும் பொருள்கோள் நான்கனுள்ளும், நன்னூலார் கூறும் எட்டனுள்ளும் இஃது ஒன்று. தலைவரியையும் அதனைத் தொடரும் பதிவுகளையும் இவ்வாறே இயைக்கின்றது, பைத்தான் மொழியின் சி.எஸ்.வி. தொகுதியிலுள்ள டிக்ட்ரீடர் என்னும் கருவி. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. செய்யுளில் நிரல் பிறழின் பொருள் இயையாமை கண்டு கற்பார் உணர்வர்; கருவிக்கு அவ்வுணர்வு இல்லை.

சொல், பொருள், குறள் எண் என்னும் மூன்று தலைப்புகள் கொண்ட ஓர் அடைவில் பின்வரும் வரி உளதாகக் கொள்வோம்:

அணங்கு,"தெய்வம், வருத்தம்",1081

இதன்கண் காற்புள்ளிகள் மூன்று. முதலதும் இறுதியதும் கோப்பிற்கு உரியன. இடையது பொருள் எழுதியவர்க்கு உரியது. வடிவு ஒன்றே, தொழில் வேறு. ஸ்பிளிட் என்னும் கட்டளை இவ்வேறுபாட்டை அறியாது. வரியை நான்கு துண்டாக வெட்டும். குறள் எண் நிற்க வேண்டிய இடத்தில் ‘வருத்தம்’ வந்து நிற்கும். சி.எஸ்.வி. தொகுதியோ, இரட்டை மேற்கோட்குறியை வேலியெனக் கொண்டு, உள்ளே நிற்கும் காற்புள்ளியைச் சொல்லின் பகுதியாகவே விடும். எனவே வெட்டுதல் வேறு, வாசித்தல் வேறு என்பது பெறப்படும்.

இனி, இவ்வடிவின் வரலாறு நோக்கற்பாலது. பைத்தானில் சி.எஸ்.வி. தொகுதி 2003ஆம் ஆண்டு 2.3ஆம் பதிப்பில் இடம்பெற்றது. இவ்வடிவிற்கு விதி கூறும் ஆர்.எஃப்.சி. 4180 என்னும் ஆவணம் வெளிவந்ததோ 2005ஆம் ஆண்டு அக்டோபரில். வழக்கு முந்தியது, இலக்கணம் பிந்தியது. அவ்வாவணமும் கட்டளையாக அன்றி அறிவிப்பாகவே அமைந்து, பலவகை வாசிப்புகள் வழங்கி வந்ததை ஒப்புக்கொள்கின்றது. பைத்தான் இவ்வேறுபாடுகளைக் கிளைமொழி என்னும் பொருள்படும் சொல்லாலேயே குறிக்கின்றது. எக்செல், எக்செல்-டேப், யூனிக்ஸ் என மூன்று கிளைமொழிகள் அதனுள் முன்னரே வகுக்கப்பட்டுள்ளன.

ஈண்டுத் தமிழ் எழுதுவோர் கருதத்தக்கது ஒன்று உண்டு. காற்புள்ளிக்குப் பின் சிறிது இடம் விடுதல் நம் எழுத்து வழக்கு. அவ்வழக்கின்படியே மேற்கூறிய வரியை எழுதிப் பார்ப்போம்:

அணங்கு, "தெய்வம், வருத்தம்", 1081

கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் ஆர்.எஃப்.சி. 4180இன்படி வெற்றிடமும் உறுப்பின் பகுதியாம். மேற்கோட்குறி உறுப்பின் முதலில் நில்லாமையின் வேலியாகாது. வெறும் எழுத்தாகவே எண்ணப்படும். விளைவு, மீண்டும் நான்கு துண்டுகள். டிக்ட்ரீடர் இதனைப் பிழையென அறிவிப்பதும் இல்லை. எஞ்சிய 1081ஐப் பெயரற்ற ஓர் இடத்தில் வைத்துவிட்டு மேற்செல்லும். ஸ்கிப் இனிஷியல் ஸ்பேஸ் என்னும் விருப்பத்தேர்வை இயக்கினாலன்றி இக்குறை நீங்காது. ஓசையின்றி நிகழும் இப்பிழையே, நிரல் இடையில் நின்றுபோகும் பிழையினும் கொடிது.

உறுப்புகள் செவ்வனே பிரிந்த பின்னரும் அவற்றின் வகை பற்றிய ஐயம் எஞ்சும். சி.எஸ்.வி. தொகுதி இயல்பாக எல்லாவற்றையும் எழுத்துத் தொடராகவே தரும். ஆகவே 110 என்பது 12க்கு முன் வரிசைப்படும். எண்ணாக மாற்றுதல் ஆய்வாளர் கடன். பாண்டாஸ் என்னும் தொகுதியோ வகையைத் தானே ஊகிக்கும். ஊகம் உதவுவதும் உண்டு, கெடுப்பதும் உண்டு. 0417 என்னும் சுவடி எண் 417 ஆகும். நமீபியா நாட்டின் ஈரெழுத்துக் குறியீடான என்.ஏ. என்பது ‘தரவு இல்லை’ என மாறும். உயிரியலார் இத்தகைய ஊகத்தால் பட்ட இடர் பெரிது. செப்ட்1, மார்ச்1 முதலிய மரபணுப் பெயர்களை எக்செல் மாதத் தேதிகளாக மாற்றியது. எக்செல் வடிவில் மரபணுப் பட்டியல்களை இணைத்திருந்த கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இப்பிழை உளதென 2016இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. பின்னர் அப்பெயர்களே செப்டின்1, மார்ச்எஃப்1 என மாற்றப்பட்டன. அம்மாற்றத்திற்கான நெறிமுறை 2020இல் வெளியாயிற்று. கருவியின் பிழை வாசிப்பிற்காக மூலத்தையே திருத்த நேர்ந்த இந்நிகழ்ச்சி, பதிப்புத் துறையினர் மறத்தற்கு அரியது.

இதுகாறும் கூறியவற்றால், காற்புள்ளிக் கோப்புத் தன்னைத்தானே விளக்கும் என்னும் கருத்துப் பொருந்தாமை புலனாகும். எனவே அடைவு செய்யும் மாணாக்கர்க்கு யாம் வேண்டுவன மூன்று. கோப்பினை எக்கிளைமொழியில் எழுதினோம், எவ்வகையால் வாசித்தோம் என்பதை ஆய்வேட்டிலேயே கூறுக. ஒவ்வொரு பதிவின் உறுப்புகளும் தலைவரியின் எண்ணிக்கையோடு ஒக்கின்றனவா என எண்ணுக. எண்போல் தோன்றும் குறியீடுகளை எழுத்தாகவே வாசிக்க. ஒரு சொல் ஒரு நூலில் இத்துணை இடங்களில் பயின்றுள்ளது என்று கூறி, அதன்மேல் காலமும் கருத்தும் துணிகின்றோம். அடைவு வழுவுமாயின் அத்துணிபும் உடன் வழுவும்.