காணொளிக் கல்வியும் பாடங் கேட்டலும்

பாடஞ் சொல்லல் வேறு. பாடங் கேட்டல் வேறு. பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்தில் இவ்விரண்டனையும் தனித்தனியே வகுத்துரைத்தார். ஆறுமுக நாவலர் காண்டிகையுரை கண்ட அந்நூல் யாழ்ப்பாணத்து மாணாக்கர்க்குப் புதியதன்று. ஆயினும் காணொளிவழிக் கற்பித்தலைப் போற்றுவோர் பலர், சொல்லல் நிகழ்ந்தவிடத்துக் கேட்டலும் நிகழ்ந்ததெனவே கொள்கின்றனர்.

கொவிட்-19 தொற்றினால் 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டன. ஆசிரியர்கள் சூம் வழியே வகுப்பு நடத்தினர். குறிப்புக்களை வட்சப் குழுக்களில் அனுப்பினர். பல்கலைக்கழகங்களுக்கு இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு சூம் வசதியை அளித்தது. 2022ஆம் ஆண்டு எரிபொருட் பஞ்சத்தின்போதும் இக்கருவிகளே கைகொடுத்தன. கல்வியின் இழை அறாது காத்த இப்பணி பாராட்டத்தக்கதே.

குறை கருவியிலன்று, அதனைக் கையாண்ட முறையிலேயே உள்ளது. வகுப்பறைச் சொற்பொழிவு அவ்வாறே திரைக்கு மாற்றப்பட்டது. 2019ஆம் ஆண்டுக் கணிப்பின்படி, இலங்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீட்டிலேயே கணினி இருந்தது. ஏனைய வீடுகளிற் கைத்தொலைபேசியே வகுப்பறையாயிற்று. உடன்பிறந்தார் பலராயின் அதனையும் பங்கிட வேண்டியதாயிற்று. ஒரு மணி நேரக் குழுக் காணொளிக்கு ஏறத்தாழ ஒரு கிகாபைற்றுத் தரவு செலவாகலாம். குரல் மட்டுமாயின் முப்பது மெகாபைற்றளவே போதும். செலவஞ்சி மாணவன் தன் முகத்தை மறைத்தவழி, ஆசிரியர் பெயர்களின் வரிசையை நோக்கிப் பேசுகின்றார். ஐயத்தை அறிவிக்கும் முகக்குறிப்பு அவர்க்குப் புலப்படுவதில்லை.

இரண்டாம் முறை கேட்பது பிழையைப் போக்கும் என்பது நன்னூலார் கருத்து. பதிவுசெய்த பாடத்தின் தனிச்சிறப்பும் இதுவே. குறிகட்டுவானிலிருந்து படகேறிச் செல்லவேண்டிய நெடுந்தீவில் வாழும் மாணவனும், சிறு பகுதிகளாய் அமைந்த பாடத்தை வசதி வாய்த்தபோது இறக்கிவைத்து, வேண்டியமட்டும் மீட்டுக் கேட்கலாம். நேரடி வகுப்பிலோ தொடர்பு அறுந்தால் அன்றைய பாடமும் அறும்.

அன்றியும், ஆசிரியன் உரைத்ததை முற்றக் கொண்டவனும் புலமையிற் காற்பங்கே பெறுவான் என்றும், உடன்கற்பாரோடு பயில்வதால் மற்றொரு காற்பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிறையும் என்றும் அந்நூல் கூறும். அவ்வாறாயின், நேரடிக் காணொளியின் நேரத்தை விரிவுரைக்கே செலவிடுவது, அரிய முக்காற்பங்கைக் கைவிட்டு எளிய காற்பங்கைப் பற்றுவதாகும். விளக்கவுரை முன்னரே பதிவாய்ச் செல்லட்டும். நேரடி வேளை சிறு குழுக்களில் வினாவுக்கும் விடைக்கும், மாணவன் எடுத்துரைப்பதற்கும் உரியதாகட்டும். தரவு குறைந்தவிடத்துக் குரலே போதும்.

பதிவை மாணவர் கேளாதே விடுவர் என்பார் உளர். வகுப்பில் அமர்ந்தாரெல்லாம் கேட்டவரல்லர் என்பதை அவர் அறிவர். கேட்டாரா என்பதை வினாவியே அறிதல் வேண்டும். வராத மாணவனைப் பெயர் சொல்லி அழைத்துக் காரணம் உசாவும் ஆசிரியரின் இடத்தை எக்கருவியும் நிரப்பாது. எத்துணை வகுப்புக்கள் நடந்தன என்பதன்று, எத்துணை மாணவர் மறுமொழி கூறினர் என்பதே காணொளிக் கல்வியை மதிப்பிடும் அளவுகோலாதல் வேண்டும்.