ஆமோசு நூல்: இணைச் செருப்பும் வற்றா ஓடையும்

எபிரேய மறைநூல்களுள் இறைவாக்கினர் பன்னிருவரின் குறுநூல்களை ஒரு தொகுதியாக வைத்தனர் முன்னோர். அத்தொகுதியில் மூன்றாவதாக நிற்பது ஆமோசு நூல். ஒன்பதே இயல்களால் ஆயது. தமிழுக்கு இந்நூல் புதியதன்று. சீகன்பால்கு 1719இல் மறைந்தபின், அவர் தொடங்கிய பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பைச் சூல்சு முடித்துத் தரங்கம்பாடியில் 1728க்குள் அச்சேற்றினார். பின்னர்ப் பவர் முதலியோரின் மொழிபெயர்ப்பு 1871இலும், பொது மொழிபெயர்ப்பு 1995இலும் நிறைவுற்றன. எனினும், வழிபாட்டில் ஓதப்பெறும் இந்நூல் இலக்கிய மாணாக்கர்க்குப் போதிய அறிமுகம் பெறவில்லை. இதன் பாட்டுத்திறம் செருப்பு, ஓடை என்னும் இரு பொருள்களில் சிறப்பாக விளங்குகின்றது என்பதும், பாலாற்றங்கரையிலிருந்து கற்பார்க்கு அது மேலும் தெளிவுறும் என்பதுமே ஈண்டுக் கூறப்புகுவன.

காலமும் ஆசிரியரும்

யூதாவில் உசியாவும் இசுரயேலில் இரண்டாம் எரொபவாமும் ஆண்ட காலத்தில், நிலநடுக்கத்திற்கு இரண்டாண்டு முன்னர், ஆமோசு இவற்றை உரைத்தார் என்று நூன்முகம் கூறுகிறது. எனவே காலம் கி.மு. எட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி ஆகும். அவர் தெற்கே தெக்கோவா என்னும் ஊரினர், மந்தை உடையவர், காட்டத்தி மரங்களைப் பேணியவர். அவரை ஏழை இடையர் என்று கூறுதல் பெருவழக்கு. ஆயின், நூன்முகத்தில் அவரைக் குறிக்கும் ‘நோகேத்’ என்னும் சொல் மோவாபு மன்னன் மேசாவுக்கும் பிறிதோரிடத்தில் வழங்கப்பெற்றுள்ளது. ஆதலின் வறுமையை அவர் சினத்திற்குக் காரணமாகக் காட்டுதல் பொருந்தாது. அவர் பிறர் துயர் கண்டு பேசியவர்.

பேசிய இடமோ வடக்கு நாட்டுப் பெத்தேல் திருத்தலம். அன்று அந்நாடு செல்வத்தில் திளைத்தது. தந்தக் கட்டில்களில் கிடப்போரை அவர் கடிந்துரைத்தது வெறும் உயர்வுநவிற்சி அன்று. சமாரியாவில் 1930களில் நிகழ்ந்த அகழாய்வில் தந்த வேலைப்பாடுகள் பல கிடைத்துள்ளன. கி.மு. 722 அளவில் அந்நாடு அசீரியரிடம் வீழ்ந்தது.

தமிழ் மரபோடு ஒப்பு

புலவர் அரசனை இடித்துரைக்கும் மரபு நமக்கும் உண்டு. வரிச்சுமை குறித்துக் கிள்ளிவளவனுக்கு வெள்ளைக்குடி நாகனாரும், பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையாரும் பாடியவை (புறம். 35, 184) செவியறிவுறூஉத் துறையின்பாற்பட்டவை. அவை பாடாண் திணையில் அடங்கும். இடிப்புரையும் அங்குப் புகழின் எல்லைக்குள் நிற்கிறது. கேட்கும் அரசன் திருந்துவான் என்னும் நம்பிக்கை அதன் அடிப்படை. ஆமோசு அயல்நாட்டிலிருந்து வந்தவர், அரசனைப் பாடாதவர். பெத்தேல் குரு அமட்சியா அவரை நாட்டைவிட்டு வெளியேறப் பணித்தான். புகழுக்கு அவர் நூலில் இடமில்லை. ஆறுதல் கூறும் இறுதி அடிகளும் (9:11-15) பிற்காலத்துச் சேர்க்கை என்று ஆய்வாளர் பலர் கருதுவர்.

இணைச் செருப்பு

நூலின் தொடக்கம் கேட்போரைப் பிணிக்கும் உத்தி உடையது. தமஸ்கு முதலாகச் சூழ்ந்திருந்த ஆறு நாடுகளின் குற்றங்களை ஒரே வாய்பாட்டில் அடுக்கி, யூதாவையும் சேர்த்துக் கூறுகிறார். ஒவ்வொன்றையும் கேட்டு இசுரயேலர் தலையசைத்திருப்பர். எட்டாவதாக வருவது அவர்தம் நாட்டின் பெயர். அயல்நாட்டார்மீது சாற்றியவை பெரும்பாலும் போர்க் கொடுமைகள். இசுரயேலர்மீது முதலாவதாகச் சாற்றியதோ, வெள்ளிக்காக நேர்மையாளரையும் ஓர் இணைச் செருப்புக்காக வறியவரையும் விற்றனர் என்பது (2:6).

இச்செருப்பு எதனைக் குறிக்கும்? நிலம் கைமாறும்போது செருப்பைக் கழற்றித் தரும் வழக்கத்தை ரூத்து நூல் கூறுதலின், இது நிலப் பறிப்பைச் சுட்டும் என்பர் ஒருசாரார். அற்ப விலையைக் குறிக்கும் என்பர் மற்றொரு சாரார். எட்டாம் இயலில் இத்தொடர் மீண்டும் வருமிடத்தில் குறைந்த மரக்காலும், மிகுந்த எடைக்கல்லும், கள்ளத் துலாக்கோலும், பதர் கலந்த கோதுமையும் உடன்கூறப்படுகின்றன. இடம் நோக்க, இரண்டாவது கொள்கையே வலியுடைத்து. சிறு கடனுக்காக ஓர் உயிர் விலைபோகிறது. கொடுமையை ‘அநீதி’ என்னும் பொதுச்சொல்லால் கூறாமல், கடைத்தெருவில் எவரும் காணும் பொருளால் அளந்து காட்டுவதே ஆமோசின் திறம்.

வற்றா ஓடை

நூலின் உச்சம் ஐந்தாம் இயலில் உள்ளது. விழாக்களையும் பலிகளையும் இசையையும் இறைவன் வெறுப்பதாகக் கூறி, நீதி நீர்போல் பெருகுக, அறம் வற்றா ஓடைபோல் ஓடுக என்கிறார். ‘ஆறு’ என்று தமிழில் படிக்கும்போது ஒரு நுட்பம் மறைந்துவிடுகிறது. மூலத்தில் உள்ள ‘நகல்’ என்னும் சொல் மழைக்காலத்தில் பெருகிக் கோடையில் மணலாய்க் கிடக்கும் ஓடையைக் குறிக்கப் பெரிதும் வழங்குவது. கைவிட்ட நண்பரை அத்தகைய ஓடைக்கு உவமிக்கிறது யோபு நூல். அதனோடு ‘ஏத்தான்’ என்னும் அடை சேர்கிறது. அதற்கு ‘வலிய’ என்று பொருள் கொள்வாரும் உளர். எனினும் முன்னர் வருவன பருவந்தோறும் நிகழும் விழாக்கள் ஆதலின், ‘வற்றாத’ என்பதே சிறக்கும். விழா பருவத்தில் வருவது. நீதியோ பருவம் பாராது ஓடவேண்டுவது என்பது கருத்து.

பாலாற்றங்கரையினர்க்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை. ஆண்டின் பெரும்பகுதி மணலாய்த் தோன்றி, அடியில் நீரோட்டம் உடையது பாலாறு. ஊற்றுக்கால் வெட்டி அந்நீரைக் கொண்டனர் முன்னோர். வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடுதல் வளர்ந்தபின் கழிவுநீர் அந்த ஊற்றையே கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28இல் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே இழப்பீடு தரவேண்டும் என்னும் கொள்கை அதில் நிலைநாட்டப்பட்டது. தோல்நிலப் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் ஒருபகுதியாகவோ முழுமையாகவோ கெட்டதென அத்தீர்ப்பு குறிப்பிடுகிறது. பாலாற்று மாசு குறித்து 2025இலும் அந்நீதிமன்றம் தீர்ப்புரைக்க நேர்ந்தது. வந்த நீதியும் பருவத்து ஓடையாகவே வந்தது.

ஆமோசு வாணிகத்தை வெறுத்தவர் அல்லர். கள்ளத் துலாக்கோலையே வெறுத்தார். இப்பகுதியில் எண்ணற்றோர்க்கு உணவளிப்பது தோல்தொழில். எனினும் ஒரு செருப்பின் விலையில் கிணற்றின் கேடும் உழவரின் இழப்பும் பதனிடுவோரின் நோயும் சேராவிடின், அதுவும் குறைந்த அளவையே ஆகும். அங்ஙனம் நோக்கின், நூலின் இரண்டாம் இயலிலும் ஐந்தாம் இயலிலும் தனித்தனியே நிற்கும் இரு படிமங்களும் ஒன்றாகின்றன. செருப்புக்குக் கணக்கில் வராத விலையை ஓடையே செலுத்துகிறது. ஆமோசைக் கற்கும் தமிழ் மாணாக்கர் இத்தொடர்பை மனங்கொள்ளுதல் வேண்டும்.